மண்சுவர் வீட்டைப் புதுப்பிக்கும் முன்: குமரி வாசகர்களின் கேள்விகள்

பழைய மண்சுவர் வீடுகளைப் பற்றிக் குமரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். இடவப்பாதி மழை, ஐப்பசி மழை என்று ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம் பார்க்கிற மாவட்டம் இது. கேள்விகளில் பெரும்பாலானவை ஈரத்தில் போய் முடிவதில் வியப்பில்லை. மண்வீட்டு வேலையில் பழக்கமுள்ள கட்டடப் பொறியாளர், கொத்தனார், ஆசாரி மூவரும் பதில் தருகிறார்கள்.

கேள்வி: எங்கள் தாத்தா காலத்து வீடு. பச்சைக்கல் (சுடாத மண்கல்) சுவர், ஒன்றரை அடி கனம். இருபது வருடத்துக்கு முன் வெளிப்பக்கம் சிமெண்ட் பூசினோம். இப்போது கீழே மூன்றடி உயரத்துக்குப் பூச்சு வீங்கி, தட்டினால் 'டொக் டொக்' என்கிறது. வாட்டர் புரூஃப் கெமிக்கல் கலந்து மறுபடியும் சிமெண்ட் பூசினால் சரியாகும் என்கிறார் கான்ட்ராக்டர். செய்யலாமா?
— வாசகர், தக்கலை

பதில்: வேண்டாம். சுவரைக் கெடுத்ததே அந்தப் பூச்சுதான். அதையே இன்னும் இறுக்கமாகப் போட்டால் சுவர் இன்னும் சீக்கிரம் போகும்.

மண்சுவருக்குள் ஈரம் வருவதை முழுதாகத் தடுக்க முடியாது. தரையிலிருந்து ஏறும், இறவாரத் தண்ணீர் தெறிக்கும், உள்ளே சமைக்கும் ஆவியும் படியும். வந்த ஈரம் காய்ந்து வெளியேறிக்கொண்டே இருந்தால் நூறு வருடம் நிற்கும். சிமெண்ட் அந்த வழியை அடைக்கிறது. வெயிலில் சிமெண்ட் ஒரு மாதிரியும் மண் வேறு மாதிரியும் விரிவதால் பூச்சில் மயிரிழை வெடிப்புகள் விழுகின்றன. அவற்றின் வழியே மழைத் தண்ணீர் உள்ளே போகும், வெளியே வர இடம் இருக்காது. பூச்சுக்குப் பின்னால் கல் கரைந்து சேறாகிக் கீழே இறங்கிவிடும். நீங்கள் கேட்கும் அந்த 'டொக் டொக்', உள்ளே பொந்து விழுந்துவிட்டதன் சத்தம்.

வேலையைத் தை மாதம் தொடங்குங்கள். வைகாசிக்குள் வெளிப்பூச்சு முடிந்து காய்ந்திருக்க வேண்டும். பூச்சை உரிக்கும் முன்பே அந்தச் சுவர் தாங்கும் உத்தரத்துக்கு உள்ளும் புறமும் முட்டுக் கொடுங்கள். பூச்சை எடுத்த பிறகுதான் சுவரில் பாதி இல்லை என்று தெரிய வருவது அடிக்கடி நடக்கிறது. பிரேக்கர் மெஷின் பக்கமே போகக் கூடாது, அதன் அதிர்வில் நல்ல பாகமும் உதிரும். கட்டிங் மெஷினைப் பூச்சின் கனம் வரை மட்டும் இறக்கி ஓரடிச் சதுரங்களாக வெட்டி, உளியால் நெம்பி எடுக்க வேண்டும். பொந்து விழுந்த இடத்தில் பூச்சு தானாக வரும். கெட்டியாக ஒட்டியிருக்கும் மேல்பாகத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அதை வலிந்து பிய்த்தால் சுவரின் முகமும் சேர்ந்து வரும்.

உரித்த சுவரை உடனே பூசக் கூடாது. குறைந்தது ஆறு முதல் எட்டு வாரம் காற்றில் விடுங்கள். இந்த இடைவெளியில் வெளித்தரையைக் கவனியுங்கள். பல தெருக்களில் கான்கிரீட் ரோடு மேல் ரோடாகப் போட்டு, ரோடு வீட்டுத் தளத்தைவிட உயர்ந்துவிட்டது. சுவரை ஒட்டிக் குவிந்த மண்ணை வெட்டி, வெளித்தரை உள்தரையைவிட 6 முதல் 9 அங்குலம் தாழ்வாக இருக்கும்படி செய்யுங்கள். சுவரிலிருந்து மூன்றடி தள்ளி, 100 அடிக்கு ஓரடி வாட்டத்தில் ஒரு வாய்க்கால் எடுங்கள். சுவரை ஒட்டியே தோண்டினால் அஸ்திவாரம் நெகிழும். இறவாரத் தண்ணீர் விழும் கோட்டில் முக்கால் அங்குல ஜல்லியை இரண்டடி அகலத்தில் பரப்பினால் தெறிப்பு பெரிதும் குறையும். சுவரைச் சுற்றிச் சிமெண்ட் தளம் போடுவதைத் தவிருங்கள். அடியில் இருக்கும் ஈரத்துக்கு அப்புறம் சுவரைத் தவிர வேறு போக்கிடம் இருக்காது.

கரைந்த பாகத்தை ஒரே வரியில் பிரித்து அடுக்கக் கூடாது. மூன்றடி நீளம் எடுத்துக் கட்டி, அடுத்த ஆறடியை விட்டு, அதற்கடுத்த மூன்றடி என்று போக வேண்டும். முதலில் கட்டியது காய்ந்து இறுகிய பிறகே இடையில் விட்ட பாகம். புதுக்கல் நன்றாக உலர்ந்த பச்சைக்கல்லாக இருக்கட்டும், மண்சாந்தில் வையுங்கள். அடியில் உப்புப் பூத்த மண்ணைத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம். மேல்பாகத்தில் உதிர்ந்த மண் நல்ல மண், ஊறவைத்து மீண்டும் எடுக்கலாம்.

பூச்சுக்கு, கால் அங்குலச் சல்லடையில் சலித்த செம்மண் 1 பங்கு, மணல் 2 முதல் 3 பங்கு. ஒவ்வொரு சட்டிக்கும் இரண்டு கைப்பிடி நறுக்கிய வைக்கோல் அல்லது கயிற்று நார். தேங்காய் நார் நம் பக்கம் தாராளமாகக் கிடைக்கும், வைக்கோலைவிட அதிக நாள் மக்காமலும் இருக்கும். கடற்கரை மணல் எந்தக் காரணத்துக்கும் கூடாது. ஆற்று மணல் கிடைக்காவிட்டால் எம்.சாண்ட் போதும். கலவையைத் தண்ணீர் விட்டு மிதித்து ஐந்து முதல் ஏழு நாள் புளிக்க விடுங்கள். சுவரில் ஓரடிச் சதுரத்தில் 1:2, 1:2½, 1:3 என்று மூன்று மாதிரி பூசி ஒரு வாரம் பாருங்கள். வெடித்தால் களி (களிமண்) அதிகம், விரலில் பொடி உதிர்ந்தால் களி போதவில்லை. முதல் பூச்சு அரை முதல் முக்கால் அங்குலம். அதில் சிறு வெடிப்பு விழுவது நல்லதுதான், இரண்டாம் பூச்சுக்கு அதுவே பிடிமானம். இரண்டாவது கால் அங்குலம். அது முழுக்கக் காய்ந்த பின் சுண்ணாம்பு.

சுண்ணாம்பு நீற்றும்போது தண்ணீரில் சுண்ணாம்பைப் போட வேண்டும், சுண்ணாம்பில் தண்ணீரை ஊற்றக் கூடாது. கொதித்துத் தெறித்தால் கண் போய்விடும், கண்ணாடி அணியாமல் அருகில் நிற்காதீர்கள். பிளாஸ்டிக் வாளி உருகிவிடும், இரும்பு டிரம் அல்லது குழி எடுங்கள். சிப்பிச் சுண்ணாம்பு கிடைத்தால் முதல் தேர்வு அதுதான். குறைந்தது மூன்று வாரம் தண்ணீருக்கடியில் ஊறிய விழுது 1 பங்குக்குத் தண்ணீர் 3 பங்கு சேர்த்து, துணியில் வடிகட்டி, சுவரை லேசாக நனைத்துவிட்டு, நாளுக்கு ஒன்றாக ஐந்து மெல்லிய பூச்சு அடியுங்கள். தடிமனாக இரண்டு பூச்சில் முடித்தால் ஒரே மாதத்தில் செதில் செதிலாக உரியும். அதன்மேல் எமல்ஷனோ புட்டியோ அடித்தால் இவ்வளவு வேலையும் வீண்.

கேள்வி: வீட்டில் அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. ராத்திரி வெளியே போக முடியவில்லை. படுக்கையறையின் மண்சுவரை உடைத்து அட்டாச்டு பாத்ரூம் கட்ட வேண்டும். வீட்டுக்குக் கேடு வராமல் எப்படி?
— வாசகி, இரணியல்

பதில்: பாத்ரூம் மண்சுவரைத் தொடாமல் நிற்க வேண்டும். படுக்கையறைக்குள் ஒரு மூலையைத் தடுத்து ஷவர் வைப்பது மட்டும் கூடவே கூடாது.

இடம் இருந்தால் சுவரிலிருந்து மூன்றடி தள்ளித் தனி அஸ்திவாரத்தில் கட்டி, நடுவே ஓட்டுச் சாய்ப்பு போட்ட நடை விடுங்கள். அம்மா நனையாமல் போகலாம், ஈரமும் அந்த நடையோடு நின்றுவிடும். இடம் இல்லையென்றால் இரண்டங்குல இடைவெளி விட்டுப் பாத்ரூமுக்குத் தனியாக நான்கு சுவரும் எழுப்புங்கள். இடைவெளியின் மேல்பக்கத்தைத் தகடு வைத்து மூடுங்கள், சிமெண்ட் போட்டு அடைக்காதீர்கள். புதுக் கூரை பழைய இறவாரத்துக்குக் கீழே அடங்க வேண்டும்.

வாசலுக்காகச் சுவரில் புதிய ஓட்டை போட வேண்டாம். அந்தப் பக்கம் ஜன்னல் இருந்தால் அதன் கீழ்ச்சுவரை மட்டும் இறக்கி வாசலாக்குங்கள். மேல் உத்தரக்கட்டை இருந்தபடியே இருக்கும், பாரம் மாறாது. எடுத்த ஜன்னலை வேறிடத்தில் பயன்படுத்தலாம். புது அஸ்திவாரக் குழி பழைய அஸ்திவாரத்தின் அடியைவிட ஆழமாகப் போகக் கூடாது. போக வேண்டியிருந்தால், எவ்வளவு ஆழம் கூடுகிறதோ அவ்வளவு தூரமாவது தள்ளித் தோண்டுங்கள். குழாய்கள் எல்லாம் வெளிப்பக்கம் கண்ணில் படும்படி போகட்டும். சுவருக்குள் கசியும் குழாய் தெரிய வரும்போது சுவர் உட்கார்ந்திருக்கும். உறிஞ்சு குழி வீட்டுக்குத் தாழ்வான பக்கம், குறைந்தது 20 அடி தூரத்தில். கிணறு இருந்தால் அதிலிருந்து இன்னும் தள்ளி. அம்மாவுக்கு வாசலில் படி வேண்டாம், கைப்பிடிக் கம்பியைப் புதுச்சுவரில் மட்டும் மாட்டுங்கள். மண்சுவரில் போட்ட ஆங்கர் போல்ட் ஆளின் பாரத்துக்கு நிற்காது.

கேள்வி: ஓட்டுக்கூரை பத்து இடத்தில் ஒழுகுகிறது. ஓட்டைக் கழற்றிவிட்டுக் கான்கிரீட் தட்டு போடச் சொல்கிறார்கள். தம்பி ஷீட் போதும் என்கிறான். எது நல்லது?
— வாசகர், குலசேகரம்

பதில்: இரண்டும் வேண்டாம், ஓட்டுக்கூரையையே சரிசெய்யுங்கள். நாலரை அங்குலக் கான்கிரீட் தட்டு சதுர மீட்டருக்கு 280 கிலோவுக்கு மேல் வரும். மரச் சட்டகத்தோடு சேர்த்து மங்களூர் ஓட்டுக்கூரை அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஈரம் ஏறிய மண்சுவர் மேல் மூன்று மடங்கு பாரத்தை ஏற்றுவது ஆபத்தான வேலை. ஷீட்டுக்குப் பாரம் இல்லை என்பதே அதன் குறை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் இந்த மாவட்டத்தைத் தாக்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். லேசான கூரைக்குத் தனிப் பிடிப்பு வேண்டும், அந்தப் பிடிப்பை மண்சுவர் தராது. சூடும் மழைச்சத்தமும் வேறு.

ஒழுகும் இடம் பத்து என்றாலும் காரணம் பெரும்பாலும் மூன்றுதான். இரண்டு சரிவு கூடும் மூலை வாய்க்காலில் தகடு துருப்பிடித்திருக்கும். மோட்டு ஓட்டின் சாந்து வெடித்திருக்கும். உடைந்த ஓட்டுக்குப் பதிலாக வேறு கம்பெனி ஓட்டைச் செருகியிருப்பார்கள். ஓட்டின் பின்பக்கம் கம்பெனிப் பெயர் அச்சாகியிருக்கும். பெரோக் ஓடும் கொல்லம் ஓடும் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் பள்ளமும் மேடும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. பழைய வீட்டுச் சாமான் விற்கும் கடையில் அதே அச்சைத் தேடி வாங்குங்கள். சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 15 ஓடு வேண்டும், உடைசலுக்குப் பத்தில் ஒன்று கூடுதலாக. வாங்கும்போது விரலால் சுண்டிப் பாருங்கள், கணீரென்று ஒலிக்காத ஓட்டில் வெடிப்பு இருக்கும்.

ஓட்டை இறக்கும்போது ஒரு சரிவை முழுக்கக் காலி செய்துவிட்டு மறுபக்கம் போகாதீர்கள். ஒரு பக்கப் பாரம் மட்டும் இருந்தால் கழுக்கோல்கள் (கூரையின் சாய்வு மரங்கள்) சாய்ந்து சுவரை வெளியே தள்ளும். இரு பக்கமும் நாலடி நாலடியாக மாறி மாறி இறக்குங்கள். கழுக்கோல்களுக்குச் சாக்பீஸில் எண் போடுவது ஆசாரிக்குப் பெரிய உதவி. நுனி மட்டும் உளுத்த கழுக்கோலைத் தூக்கி எறிய வேண்டாம். கெட்டதை வெட்டிவிட்டு அயனி மரத் துண்டைச் சாய்வாகக் கூட்டி இரண்டு போல்ட் போடுங்கள். கூட்டின் நீளம் கட்டையின் உயரத்தைப்போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும். நுனி உத்தரத்தின் மேல் காற்றோட்டமாக உட்காரட்டும், சுற்றிச் சிமெண்ட் வைத்து அடைத்ததால்தான் பல வீடுகளில் நுனி உளுக்கிறது. பட்டியல் (ஓடு உட்காரும் குறுக்குச் சட்டம்) இடைவெளியை மேஸ்திரி மனக்கணக்கில் விடக் கூடாது. உங்கள் ஓட்டை நாலைந்து வரிசை தரையில் பொருத்தி அளந்து அடியுங்கள். மூலை வாய்க்கால் தகடு ஒவ்வொரு பக்கமும் ஓட்டுக்கடியில் 9 அங்குலம் போக வேண்டும். இறவாரத்தின் கடைசி மூன்று வரிசையையும் ஓர ஓடுகளையும் அவற்றின் அடிக்காதில் உள்ள துளை வழியே செம்புக் கம்பியால் பட்டியலோடு கட்டுங்கள். புயல்காற்று முதலில் தூக்குவது அந்த வரிசைகளைத்தான்.

கேள்வி: வடமேற்கு மூலையில் சுவர் மேலிருந்து கீழாகப் பிளந்திருக்கிறது. மேலே விரல் நுழையும், கீழே வர வர ஒடுங்குகிறது. சிமெண்ட் பால் ஊற்றினால் போதுமா?
— வாசகர், குழித்துறை

பதில்: மேலே அகன்று கீழே ஒடுங்கும் மூலைப் பிளவுக்குக் காரணத்தைக் கூரையில் தேடுங்கள். மச்சுக்கு மேலே ஏறி, இரண்டு எதிர்ச்சுவர்களையும் இழுத்துப் பிடிக்கும் குறுக்கு உத்தரம் உளுத்திருக்கிறதா, யாராவது இடவசதிக்காக வெட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். அந்த இழுப்புப் போனால் கழுக்கோல்கள் சுவரை வெளியே உதைக்கும். குறுக்கு உத்தரத்தைச் சரிசெய்யாமல் பிளவை அடைப்பது பயனில்லை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் பிளவு வேறு விதம். அது அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்குவதைக் காட்டும். அப்போது அருகில் உள்ள ஓடை, கழிவுநீர்க் குழி, பெரிய மரவேர் மூன்றையும் பாருங்கள்.

பிளவு இன்னும் நகர்கிறதா என்று தெரிய, மூன்றங்குல மெல்லிய கண்ணாடித் துண்டைப் பிளவுக்குக் குறுக்கே இரு முனையிலும் ஜிப்சம் வைத்து ஒட்டி, தேதி எழுதுங்கள். ஒரு மழைக்காலம் தாண்டியும் உடையாவிட்டால் அடைக்கலாம். தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். 18 அங்குலச் சுவர் மூன்று அங்குலத்துக்கு மேல் சாய்ந்திருந்தால் கொத்தனாரை நம்பாமல் கட்டடப் பொறியாளரை அழையுங்கள்.

சிமெண்ட் பால் மண்ணோடு ஒட்டாது. மண் காய்ந்து சுருங்கும்போது அது தனியே நின்று ஆப்பாகிவிடும், இடுக்கில் தண்ணீர் நிற்கும். பிளவை இருபுறமும் இரண்டங்குலம் அகலப்படுத்தித் தூசி தட்டித் தண்ணீர் தெளியுங்கள். பிறகு ஒன்றரை அடிக்கு ஒன்றாகக் குறுக்கே காடி (நீளப் பள்ளம்) வெட்டி, பிளவின் இரு பக்கமும் ஓரடி போகும்படி முற்றிய மூங்கில் பட்டையை வைத்து மண்சாந்தில் பதியுங்கள். மூங்கிலை முன்பே போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்துக் காயவையுங்கள், இல்லாவிட்டால் செல்லு தின்றுவிடும். இடையில் கெட்டியான கலவையை அரை அங்குலம் அரை அங்குலமாகக் குத்தி அடையுங்கள். ஒரே தடவையில் நிரப்பினால் காய்ந்ததும் இரு ஓரமும் விட்டுவிடும்.

கேள்வி: குளத்து மண்ணில் பச்சைக்கல் அறுக்கலாமா? வீட்டுப் பின்பக்கம் செம்மண்ணும் இருக்கிறது.
— வாசகர், பூதப்பாண்டி

பதில்: குளத்து வண்டலில் களி மிக அதிகம், தனியாக அறுத்தால் காய்வதற்குள் வெடித்துவிடும். அதை எடுக்க வட்டாட்சியர் அலுவலக அனுமதியும் வேண்டும். பின்பக்கச் செம்மண்ணைப் பாருங்கள். வேர் ஓடும் மேல் ஒன்றரை அடியைத் தள்ளிவிட்டு அடிமண்ணை எடுங்கள். கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குலுக்கி ஒரு நாள் வையுங்கள். மணல் முதல் நிமிடத்திலேயே அடியில் இறங்கும், களி கடைசியாக மேலே படியும். களி ஆறில் ஒரு பங்கிலிருந்து நாலில் ஒரு பங்கு வரை இருந்தால் கல் அறுக்கலாம். கூடினால் மணல் சேருங்கள். குறைந்தால் வண்டல் கொஞ்சம் சேர்க்கலாம்.

உங்கள் பழைய கல்லின் அளவுக்கே அச்சு செய்யுங்கள், வரிசை மாறாது. 12 x 6 x 4 அங்குலக் கல் ஏழரை கிலோ அளவுக்கு இருக்கும், ஒரு ஆள் சிரமமில்லாமல் கையாளலாம். அறுத்த கல்லை முதல் மூன்று நாள் நிழலில் படுக்கையாகவும், பிறகு குத்தாக நிறுத்தியும் காயவையுங்கள். மொத்தம் நாலு வாரம். இடுப்பு உயரத்திலிருந்து மண்தரையில் போட்டுப் பாருங்கள், மூலை மட்டும் உடைந்தால் கல் தேறியது. நடுவில் ஈர நிறம் தெரிந்தால் இன்னும் காயவில்லை.

கேள்வி: பத்மநாபபுரம் அரண்மனைத் தரை மாதிரி கறுப்பாக மின்னும் தரை போட முடியுமா? இல்லை, டைல்ஸ் ஒட்டிவிடலாமா?
— வாசகி, மார்த்தாண்டம்

பதில்: அரண்மனைத் தரைக்குச் சுண்ணாம்பு, சிரட்டைக்கரி, முட்டை வெள்ளைக்கரு என்று ஒரு பட்டியல் சொல்வார்கள். அந்த மினுக்கம் பொருளைவிட நாள்கணக்கில் தேய்த்த கைகளால் வந்தது. அந்த உழைப்புக்கு இன்று கூலி கொடுத்து வீடு முழுக்கப் போடுவது நடைமுறைக்கு ஒத்துவராது. ஒரு பூஜையறைக்கு முயலலாம்.

டைல்ஸ் அழகு பற்றிப் பேச வரவில்லை, ஈரம்தான் பிரச்சினை. பிளாஸ்டிக் தாளும் கான்கிரீட்டும் விட்ரிஃபைடு டைலும் போட்டால் தரைக்கடியில் உள்ள ஈரம் நாலு பக்கமும் நகர்ந்து சுவரில் ஏறும். டைல்ஸ் போட்ட மறுவருடமே சுவர் அடியில் கறை விழுவது இதனால்தான். மண்ணை இடித்து மட்டம் செய்து, நாலங்குலத்துக்குச் சுண்ணாம்புக் கான்கிரீட் போடுங்கள்: முக்கால் அங்குலச் செங்கல் ஜல்லி 5 சட்டிக்குச் சுண்ணாம்புச் சாந்து 2 சட்டி. மரக்கட்டையால் தட்டித் தட்டி இறுக்கி, பத்து நாள் ஈரச்சாக்கு போர்த்துங்கள். அதன்மேல் மெருகு பூசாத சுடுமண் தரை ஓடு அல்லது ஆத்தங்குடிக் கல். சிவப்பு ஆக்சைடுதான் வேண்டுமென்றால் சுவரோரம் நாலங்குலப் பட்டையைச் சுண்ணாம்புச் சாந்தில் விட்டுவிடுங்கள்.

கேள்வி: குளச்சலில் வீடு. வருடா வருடம் சுவரில் வெள்ளையாக உப்புப் பூக்கிறது.
— வாசகர்

பதில்: ஈரத்துணியால் துடைக்காதீர்கள், உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும். காய்ந்த நாளில் தூரிகையால் கூட்டி அள்ளி வெளியே போடுங்கள். சலித்த களிமண்ணும் மணலும் குழைத்து அரை அங்குலம் அப்பி, முழுக்கக் காய்ந்து தானாக விடும்போது எடுத்தெறியுங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் உப்பு நன்றாகக் குறையும். கலவைக்குக் கிணற்று நீர் உவர்ப்பாக இருந்தால் குடிநீரையே பயன்படுத்துங்கள்.

கேள்வி: மின்சார வயரிங் மாற்ற வேண்டும், ஒரு ஏ.சி.யும் வைக்க வேண்டும். சுவரில் காடி வெட்டலாமா?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: வெட்ட வேண்டாம். சுவரின் மேல் மரக் கேசிங் வைத்துப் போடுங்கள், பழைய வீட்டுக்குப் பொருத்தமாகவும் இருக்கும். மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம் வேண்டும். ஈரச்சுவரில் கசிவு மின்சாரம் கண்ணுக்குத் தெரியாது. ஏ.சி.யின் வெளி யூனிட் தரையில் இரும்புச் சட்டத்தில் நிற்கட்டும், அதன் அதிர்வு மண்சுவருக்கு ஆகாது. சொட்டும் தண்ணீர்க் குழாயை வாய்க்கால் வரை கொண்டுபோய் விடுங்கள். கடலோரக் காற்றில் ஒரு நாளைக்கே பல லிட்டர் வடியும். ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி ஒரு டன் பாரம், அதற்குத் தனி மேடை கட்டுங்கள்.

கேள்வி: எங்கள் வீடு வட்டக்கோட்டைக்குப் பக்கம். பழுதுபார்க்க அனுமதி வேண்டுமா?
— வாசகர், அஞ்சுகிராமம்

பதில்: வட்டக்கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அத்தகைய சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடத்துக்குத் தடை உண்டு. பழுதுபார்க்கவும் முன் அனுமதி வேண்டும். அதற்கு வெளியே அடுத்த 200 மீட்டரிலும் கட்டடம் கட்ட, பழுதுபார்க்க அனுமதி பெற வேண்டும். இந்த ஏற்பாடு 2010ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தில் வந்தது. முதலில் தூரத்தை அளந்து உறுதி செய்யுங்கள். விண்ணப்பத்தோடு வீட்டின் இப்போதைய படங்கள், வரைபடம், என்ன பொருளால் பழுதுபார்க்கிறீர்கள் என்ற விவரம் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுங்கள். அனுமதி வர மாதங்கள் ஆகலாம், தை மாத வேலைக்கு ஆடியிலேயே எழுதிப் போடுங்கள்.

கேள்வி: நடு அறைகள் இருட்டாக இருக்கின்றன. ஜன்னலைப் பெரிதாக்கலாமா?
— வாசகி, திருவட்டாறு

பதில்: அகலப்படுத்தாதீர்கள். ஒவ்வொரு அறைக்கும் இரண்டு மூன்று கண்ணாடி ஓடு போடுங்கள், உங்கள் ஓட்டின் அச்சுக்குப் பொருந்துவதாகப் பார்த்து வாங்க வேண்டும். மச்சு இருந்தால் அதற்கு நேர்கீழே ஒரு பலகையை எடுத்துவிட்டுச் சட்டத்தில் கண்ணாடி பொருத்தலாம். தெற்கு, மேற்குச் சரிவில் வெயில் நேராக இறங்கும், வடக்குச் சரிவே நல்லது. உள்சுவருக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாலே பாதி இருட்டுப் போகும்.